பாதி நாவலின் விருந்தாளிகள்

செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு, டெலிபோன்காரம்மாவின் கூடத்தில் ஒரு நாவலின் ஆட்கள் பதினேழு பேர் வந்து உட்கார்ந்தார்கள்; குதிரை மட்டும் வாசலில் நின்றது. இணைப்பகத்தில் ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்து ஓய்வுபெற்றவர், ஒரே வருஷத்தில் ஆறு பழைய பெரிய நாவல்களைப் படித்துத் தீர்ப்பதென்று தனக்குத்தானே சவால் விட்டிருந்தார். ஆயிரம் பக்கத்துக்குக் குறைந்த எதையும் தொடுவதில்லை. கடையில் தடிமனை விரல் வைத்து அளந்தே ஐந்தை எடுத்தார். ஆறாவது வீட்டுப் பரணில் கிடந்தது, அதுவும் முன்பாதி மட்டும். முதலில் அதைத்தான் பிரித்தார்.

அக்காவும் அவரும் ஒரே போர்வைக்குள் தலையோடு தலை சேர்த்துப் படித்த காலத்து நாவல் அது. யார் முதலில் என்று இருவரும் அடித்துக்கொள்ள, அப்பா காய் நறுக்கும் கத்தியால் அதைச் சரிபாதியாகக் கீறி ஆளுக்கொன்று கொடுத்தார். பின்பாதி அக்காவுக்கு. மாற்றிக்கொள்வதற்குள் அப்பா போய்ச் சேர்ந்தார். தையல் மெஷின் யாருக்கு என்பதில் தகராறு வந்தது. முப்பத்தோரு வருஷம் முகம் பார்க்கவில்லை. முன்பாதியைத் தொடவே தங்கைக்கு மனம் வரவில்லை.

இப்போது கப்பல் தலைவனின் கல்யாணம் பாதி வாக்கியத்தில் நின்றுபோக, போக்கிடமில்லாமல் எல்லோரும் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். புதுப் பிரதி ஒன்று வாங்கி நீட்டியதும் கப்பல் தலைவன் புரட்டிப் பார்த்துத் திருப்பித் தந்தான்.

"இது வேற யாரோ படிக்கிறதுக்குங்க. எங்க மிச்சம் உங்க அக்காகிட்ட இருக்கு."

மறக்கப் பார்த்தும் மறக்காத எண். அக்காவுக்குப் போன் போட்டார். "அக்கா, பின்பாதி இருக்கா?"

மறுநாளே அக்கா வந்தார். பின்னால் நரைத்த கப்பல் தலைவன், பல் போன மணப்பெண், பேரன் பேத்திகள்.

"முப்பத்தோரு வருஷமா இவங்க என் வீட்லதான்டி. வீட்டுக்காரர் வழிச் சொந்தம்னு நெனச்சு வடிச்சுக் கொட்டினேன். அவர் சாகறதுக்கு முதல் நாள் கேக்கறார், இவங்கல்லாம் உன் பக்கத்து ஆளுங்களான்னு!"

வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் பழக்கம் அக்காவை விட்டுப் போகவில்லை. தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது.

பாதிகளை மாற்றிக்கொண்டு மேஜையின் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். நாவல் முடிந்தால் வந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள், கூடவே அக்காவும் போய்விடுவார் என்று தங்கைக்குப் பயம். நாளுக்கு நாலு பக்கம் என்று இழுத்தும் மழைக்காலத்தோடு தீர்ந்துவிட்டது. புத்தகத்தை மூடாமல் கடைசிப் பக்கத்தையே மறுபடி படித்தார். எதிரே அக்கா மூன்று வாரமாக ஒரே பக்கத்தில் இருப்பதை அன்றுதான் கவனித்தார்.

இது நடந்து நான்கு வருஷமாகிறது. கப்பல் தலைவர்கள் இருவரும் கட்டி வைத்த மூட்டைகளைப் பிரித்துவிட்டார்கள். குதிரைக்குப் பக்கத்து வீட்டார் புல் போடுகிறார்கள். மற்ற ஐந்து நாவல்களும் தொடாமல் கிடக்கின்றன.

"இன்னும் எவ்வளவுடி இருக்கு?" என்று தினமும் காலையில் அக்கா கேட்பார்.

"நெறைய இருக்குக்கா."