செடிக்கு ஒன்றும் இல்லை

மகள் வேலைக்காகத் தூர ஊருக்குப் போனபோது அப்பாவிடம் விட்டுப்போனவை இரண்டு. ஒன்று அவளிடமிருந்த வீட்டுச் சாவி. இன்னொன்று பால்கனியில் மண்ணே இல்லாமல் வளரும் கீரைத் தோட்டம். சாவியைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. தோட்டத்தைப் பற்றிக் கேட்காத நாளே இல்லை.

அப்பா ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, அந்த ஐந்தாம் மாடி வீட்டில் அவருக்குப் பேச்சுத்துணை அந்தத் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியின் காற்றுப் பம்ப் ஒன்றுதான். அது பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். இவரும் சில நேரம் அதற்கு "ம்" கொட்டுவார்.

வெள்ளைக் குழாய்களில் துளைக்கொரு கீரை, வேரெல்லாம் உள்ளே ஓடும் தண்ணீரில். மண் கொடுக்க வேண்டியதை நாம்தான் தண்ணீரில் கலந்து ஊட்ட வேண்டும். ஏ பாட்டில், பி பாட்டில் என்று இரண்டு சத்து மருந்து. இரண்டையும் அப்படியே ஒன்றாகக் கொட்டினால் சுண்ணாம்பு போல அடியில் தங்கிவிடும். தனித்தனியாகத் தொட்டியில் விட வேண்டும். ஈ.சி. மீட்டரை முக்கினால் சத்து எவ்வளவு கரைந்திருக்கிறது என்று தெரியும். பி.எச். என்பது தண்ணீரின் புளிப்பு. அது தப்பினால், பக்கத்திலேயே சத்து இருந்தும் வேர் எடுத்துக்கொள்ளாது. மனிதர் இவ்வளவையும் கரைத்துக் குடித்திருந்தார். கீரை மேல் அப்படி ஒன்றும் ஆசையில்லை, அவர் அதை வாயில் வைத்ததுகூட இல்லை. வேலை முடிந்து ரயிலில் திரும்பும்போது மகள் கூப்பிடுவாள். அவளோடு பேச ஏதாவது வேண்டுமே!

"பி.எச். எவ்வளவுப்பா?"

"ஆறு."

"ஈ.சி.?"

"சரியா இருக்கு."

"இலை?"

"பச்சைப்பசேல்னு இருக்கும்மா."

"சூப்பர்ப்பா. அப்ப வெச்சிடட்டுமா?"

வைத்துவிடுவாள். அவ்வளவுதான் அன்றைய பேச்சு. இவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்.

ஒருமுறை பம்ப் நின்றுபோய், செடியெல்லாம் துவண்டுவிட்டது. அன்றைக்கு அவள் ரயிலை விட்டு இறங்கியும் பேசினாள், நடந்துகொண்டே பேசினாள். அவள் வீட்டுப் பூட்டு திறக்கும் சத்தமும், அடுப்பு பற்றும் சத்தமும் இவர் காதில் விழுந்தன. அவளோடு ஒரே வீட்டில் இருந்தது போலிருந்தது. பம்பைச் சரிசெய்ய இவருக்கா சொல்லித்தர வேண்டும்? ஆனாலும் அவள் சொன்னதையெல்லாம் வாயே திறக்காமல் கேட்டார்.

அதோடு புத்தி கோணல் வழியில் போய்விட்டது. செடிகள் நன்றாக நிமிர்ந்த பிறகும், அடி இலை மஞ்சளாகிறது என்றார். நைட்ரஜன் குறைவுப்பா என்று அவள் விளக்கோ விளக்கென்று விளக்கினாள். கொஞ்ச நாள் விட்டு, இலையோரம் கருகுகிறது என்றார். கால்சியம் என்றாள். போட்டோ அனுப்பச் சொன்னால், போன் கேமரா பழுது என்பார். பெற்ற பிள்ளையிடம் புளுக வெட்கமாக இல்லையா என்றால், இருந்தது. வெட்கத்தை விடத் தனிமை பெரிதாக இருந்தது.

பேராசைதான் காலை வாரிவிட்டது. ஒருநாள், இன்னும் கொஞ்சம் பேசட்டுமே என்று இரண்டு நோயைச் சேர்த்துச் சொன்னார். "அடி இலையும் மஞ்சள், குருத்தும் மஞ்சள்."

மகள் இரண்டையும் ஒருமுறை திருப்பிக் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அடி இலைன்னா நைட்ரஜன், குருத்துன்னா இரும்பு. ரெண்டும் சேர்ந்து வருதுன்னா வேரே அழுகிப்போயிருக்கும்ப்பா. தப்பு என் மேலதான், உங்க தலையில கட்டிட்டு வந்துட்டேன். கடைக்காரர்கிட்ட சொல்லிடறேன், நாளைக்கு வந்து எல்லாத்தையும் கழட்டிட்டுப் போகட்டும். நீங்க நிம்மதியா இருங்க."

வேண்டாம் என்று சொன்னால் லிஃப்ட்காரரின் புளுகு வெளியே வந்துவிடும். தோட்டம் போனால் அவள் எதைக் கேட்டுக் கூப்பிடுவாள்?

மறுநாள் சாயங்காலம், தோட்டத்தை விற்ற கடைக்காரர் ஸ்குரூடிரைவரோடு வந்து நின்றார். ஒரு செடியைத் துளையிலிருந்து தூக்கிப் பார்த்தார். வேர் பால் போல வெள்ளையாகத் தொங்கியது. "என்ன சார், அழுகிப்போச்சுன்னாங்க? என் கடையிலகூட இப்படி ஒரு செடி இல்லையே" என்றார். அந்த நேரம் பார்த்து கடைக்காரருடைய போன் அடித்தது, மகள்தான், வீடியோவில். இவர் தடுப்பதற்குள் அவர் வேரைக் காட்டிவிட்டு, போனையும் இவர் கையில் கொடுத்துவிட்டார்.

மகளின் முகத்தைப் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது. இளைத்திருந்தாள். பின்னால் ரயில் சன்னல் ஓடியது.

"பொய்யா சொன்னீங்கப்பா?"

"ஆமா."

"ஏன்?"

அவர் செடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "செடிக்கு ஒண்ணும் இல்லன்னா நீ வெச்சிடறேம்மா."

கடைக்காரர் ஸ்குரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பைத் தேடுவது போல வாசல் பக்கம் போய்விட்டார். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரயில் எங்கோ நின்று கிளம்பியது.

"சாப்பிட்டீங்களாப்பா?" என்றாள்.

தொட்டியில் என்ன ஊற்றினார், எவ்வளவு ஊற்றினார் என்று கேட்டிருந்தால் கடகடவென்று ஒப்பித்திருப்பார். இதைக் கேட்பாள் என்று அவர் நினைக்கவே இல்லை.

"இல்லம்மா" என்றார்.

அவள் வைக்கவில்லை.