பவளத்தின் குரல் இருந்த பெட்டி

திரையில் பெட்டியைச் செய்த கம்பெனியின் பெயர் மட்டும் நீல வெளிச்சத்தில் எரிகிறது, அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை, வழக்கமாக அந்தப் பெயர் சட்டென்று மறைந்து முதல் ஓசையின் பெயர் வந்துவிடும், இன்று மத்தியானத்திலிருந்து அது நகர மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறது, மாயழகு அணைக்கிறார், போடுகிறார், மறுபடி அணைக்கிறார், கட்டிலில் உட்கார்ந்து அவர் மனைவி பவளக்கொடி பார்த்துக்கொண்டிருக்கிறாள், கழுத்துத் துளையை மூடிய வெள்ளைத் துணி அவள் மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் வெளியே வருகிறது. அடாப்டரை மாற்றியாகிவிட்டது, கிட்டாரிலிருந்து பெட்டிக்கு வரும் தடித்த கேபிளைக் கழற்றி, ஊதி, திரும்பச் செருகியாகிவிட்டது, பக்கத்து அறையின் பிளக்கில் போட்டும் பார்த்தாகிவிட்டது, கம்பியைத் தட்டினால் புல்லாங்குழலாக, வயலினாக, எதுவாக வேண்டுமானாலும் மாற்றிக் கொடுக்கிற கிட்டார் சிந்தசைசர், இப்போது காலடியில் செங்கல்லைப் போலக் கிடக்கிறது.

மேடையில் இது மக்கர் பண்ணாமலா இருந்தது, சிவகாசிப் பக்கம் ஒரு பொங்கல் விழாவில் பாட்டு ஆரம்பிக்கிற நேரம் பார்த்துப் படுத்துக்கொண்டது, கூட்டம் விசிலடிக்கிறது, மாயழகுக்கு வியர்த்துக் கொட்டுகிறது, பவளம் மைக்கை வாயருகே கொண்டு போகிறாள், மாமா, ஒங்க பொட்டி தூங்குதா, நான் பாடி எழுப்பவா, கூட்டம் மொத்தமும் சிரிக்கிறது, அவள் வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடத் தொடங்குகிறாள், விசில் அடித்தவன் எல்லாம் வாயை மூடிக்கொள்கிறான், அந்தக் குரலை அன்று ஒரு முள்கூடத் தொட்டிருக்கவில்லை. பிறகு முள் வந்தது, தொண்டையில் புற்று, டாக்டர் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார், எடுத்தால் உயிர் இருக்கும், பேச்சு இருக்காது என்றார், ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின சாயங்காலங்களில் அவர் இந்தப் பெட்டியோடு அவள் எதிரில் உட்கார்ந்தார், ஒரு தடவை முனகு, இன்னொரு தடவை, அவள் முனகுவாள், அவர் கம்பியைத் தட்டுவார், ஓசையில் மூச்சைக் கூட்டுவார், மூக்கொலியைக் குறைப்பார், அவள் தலையை ஆட்டுவாள், இது நானில்ல மாமா, சளி பிடிச்ச நானு. ஒருநாள் அவள் சிரிக்கவில்லை, கையைப் பிடித்து நிறுத்தினாள், இது நாந்தான், என்றாள். அதைப் பெட்டிக்குள் சேமித்து அவள் பெயரையே வைத்தார், பழைய கச்சேரி கேசட்டுகள் இருக்கின்றனதான், ஆனால் அவை பாடி முடித்த பாட்டையே பாடும், இதுவோ அவர் விரல் எதை வாசித்தாலும் அவள் குரலில் வாசிக்கும்.

வீடு திரும்பிய நாள் முதல் அதுதான் நடக்கிறது, விளக்கு வைக்கிற நேரத்துக்கு கிட்டாரை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார், அறை முழுக்கப் பவளம் பாடுவாள், இன்னொரு பவளம் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள், அவளுக்கும் இது ஆறுதல் என்று அவராகவே நினைத்துக்கொண்டார், அவளைக் கேட்கவில்லை. அவள் பேசுவதெல்லாம் உதட்டில்தான், சத்தமில்லாத சொற்கள், முகத்தைப் பார்த்தால்தான் புரியும், கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

சென்னையில் இந்தப் பெட்டிகளைப் பழுது பார்க்கிற ஜோயலுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் போட்டு, தரையில் வைத்தார். அண்ணே, காலால மிதிக்கிற சுவிட்ச் ஏதாவது மேல வராம மாட்டியிருக்கா பாருங்க. பார்த்தார், இடது ஓரத்துச் சுவிட்ச் அமுங்கியபடியே நிற்கிறது, சுற்றிலும் மஞ்சளாகக் காய்ந்திருக்கிறது, சந்தனம். ஆயுத பூஜைக்கு அவள் எல்லா வாத்தியத்துக்கும் பொட்டு வைத்தாள், பெட்டிக்கு நல்லா வை, நம்ம சாமியே அதுதானே, என்று சொன்னது அவர்தான், தண்ணீராகக் கரைத்த சந்தனம் இடுக்கில் இறங்கியிருக்கிறது, விஜயதசமியான இன்றுவரை வாத்தியத்தைத் தொடக்கூடாது என்பதால் அது சாவகாசமாகக் காய்ந்து இறுகிவிட்டது. சந்தனம் என்றதும் ஜோயல் விஷயத்தைச் சொன்னான். அண்ணே, அந்த சுவிட்ச அமுக்கிக்கிட்டே கரண்டு குடுத்தா, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஆகுன்னு அர்த்தம், நீங்க திரும்பத் திரும்பப் போட்டு அணைச்சதுல பாதியில நின்னுபோச்சு, இனிமே முழுசா அழிச்சாத்தான் எந்திரிக்கும். உள்ள இருக்கறத எடுக்க முடியாதா தம்பி. எடுக்கணும்னா மொதல்ல அது எந்திரிக்கணுமே, கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி வச்சிருக்கீங்களா. இல்ல தம்பி. அப்ப ஒண்ணும் பண்றதுக்கில்லண்ணே, சுவிட்சச் சுத்தம் பண்ணி, நீங்களே அமுக்கிப் பிடிச்சு ஆன் பண்ணுங்க, மிச்சத்தையும் அழிக்கவான்னு கேக்கும், பக்கத்து சுவிட்ச அமுக்குனா முடிஞ்சது.

ஊசியால் சந்தனத்தைச் சுரண்டினார், சுவிட்ச் டக்கென்று மேலே வந்தது, மின்சாரம் கொடுத்தார், அதே பெயர், அதே நீலம். வேண்டாம், இப்படியே இருக்கட்டும், துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிடலாம், சத்தம் வராவிட்டால் என்ன, உள்ளே எங்கோ பாதியாவது இருக்கிறாள், பாதிப் பவளம் போதும், என்று நினைத்தபடி பிளக்கைப் பிடுங்கப் போனார், அப்போது பவளம் கட்டிலை விட்டு இறங்கி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள், அவர் கையை விலக்கினாள், உதடுகள் அசைந்தன, தள்ளுங்க மாமா. அழிச்சா நீ போயிடுவடி. நான் இங்கதான இருக்கேன். அவர் தடுப்பதற்குள் அணைத்து, சுவிட்சைக் கட்டை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி போட்டாள், திரையில் கேள்வி வந்தது, எழுத்துக் கூட்டிப் படித்தாள், அடுத்த சுவிட்சை அழுத்தினாள். ஒரு கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்து முடிந்தது, ஏதோ ஒரு பியானோவின் பெயர் வந்து நின்றது. பாவி, என்ன காரியம் பண்ணிட்ட, என்று கத்தினார், கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளை அப்படிச் சொன்னதில்லை, சொன்னதும் அழுகை வந்துவிட்டது, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

அவள் அவர் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள், கண் திறக்கும்வரை விடவில்லை. உதடுகள் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக அசைந்தன, நீங்க கண்ண மூடிட்டா நான் எப்படிப் பேசறது. பிறகு அவர் விரலை எடுத்து, கம்பி பட்டுக் காய்த்துப்போன அந்த விரல் நுனியை, தன் காதுக்குக் கீழே, தாடை முடிகிற இடத்தில் வைத்து அழுத்தினாள், புளியங்கொட்டையைப் போல ஒன்று, கெட்டியாக, நகராமல். புதுசா வந்திருக்கு மாமா, தெனமும் சாயங்காலம் சொல்ல வர்றேன், நீங்க வாசிச்சுக்கிட்டே இருந்தீங்க. அவரைக் கூப்பிட அவள் தன் தொடையில் தட்டியதெல்லாம் ஞாபகம் வந்தது, தாளம் போடுகிறாள் என்று நினைத்து அவர் இன்னும் உருகி வாசித்திருந்தார். அவர் முழங்கை பட்டு, பக்கத்தில் சாய்த்திருந்த கிட்டார் சரிந்தது, விரல் படாத கம்பிகள் ஏதோ பியானோவாக ஒலித்து அடங்கின, யாருடைய குரலும் அதில் இல்லை. எப்பருந்து, என்று கேட்டார். ஜன்னலில் வெளிச்சம் போய்விட்டது, பெட்டியின் நீலம் அவள் முகத்தில் விழுந்திருந்தது, அவள் உதடுகள் அசையத் தொடங்கின, அவர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.