இராசில்டாவின் ஊசி

இராசில்டாவுக்கு ஊசி போட்டது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிரேசிலில் பெலேம் நகரத்து மீன் சந்தையில் அவள் மீன் பொரிப்பாள், பக்கத்துக் கடையில் நான் அசாயிப் பழம் பிழிவேன். இருவரும் திருநங்கைகள். ஒரே வீட்டில் பதினான்கு வருஷமாக இருக்கிறோம். பெண்கள் கர்ப்பம் தரிக்காமலிருக்க மாதம் ஒன்று போட்டுக்கொள்ளும் ஊசியைத்தான் நாங்களும் மருந்துக்கடையில் வாங்குவோம். ஒரு குப்பிக்குள் இரண்டு ஹார்மோன்கள். மார்பு வரும், தோல் மென்மையாகும். மாதம் ஒன்று யாருக்குப் போதும்? வாரம் ஒன்று போட்டுக்கொள்வோம். தெருவில் பாதிப் பேருக்கு என் கைதான்.

ஒரு வருஷம் அக்டோபர் மாதா திருவிழாவுக்கு இராசில்டா பச்சை கவுன் தைத்திருந்தாள். "நெஞ்சுல நிக்கமாட்டேங்குதுடி. இன்னும் ரெண்டு போடு" என்றாள். போட்டேன். பதினைந்து நாளில் நான்கு ஊசி.

திருவிழாவுக்கு முந்தின வியாழக்கிழமை அவளுடைய இடது கெண்டைக்கால் வீங்கிச் சிவந்துவிட்டது. தொட்டால் சுட்டது.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு."

"மாட்டேன். போன தடவை கவுன்டர்காரி என் பழைய ஆம்பளப் பேரச் சொல்லிக் கத்தினாளே, மறந்துட்டியா? ஊரே சிரிச்சிச்சு."

"கால் போயிரும்டி!"

"போகட்டும். ஒத்தக்கால்ல மீன் பொரிக்கிறேன்."

நான் அழுதேன். அழுகையைப் பார்த்ததும் இறங்கி வந்தாள். ஆனால் ஒரு நிபந்தனை: "என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் எந்திரிப்பேன்."

சுகாதார நிலையத்தில் எண்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் முறை வந்ததும் கவுன்டர் பெண் அவளுடைய ஆண் பெயரைக் கூவினாள். அந்தப் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. இராசில்டா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை கூவினாள், மூன்றாம் முறையும் கூவினாள். பிறகு அடுத்த ஆள் உள்ளே போனார். அதற்கடுத்தவரும் போனார். அவளுக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

நான் கவுன்டருக்குப் போனேன். "அவ பேரு இராசில்டா. நாங்க வச்சுக்கிட்ட பேரத்தான் கார்டுல எழுதித் தரணும்னு சட்டமே இருக்கு."

"கம்ப்யூட்டர்ல இப்படித்தான் இருக்கு."

"அப்ப கம்ப்யூட்டர்ல மாத்து. நான் நிக்கிறேன்."

பின்னால் வரிசையில் நின்ற நிறைமாதக் கர்ப்பிணி பொறுமை இழந்து கவுன்டர் பெண்ணைப் பார்த்துக் கத்தினாள். "ஏம்மா, பேருதானே? சொல்லித் தொலையேன். எனக்கு இங்கேயே பிரசவம் ஆயிரும் போல!"

கவுன்டர் பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தட்டினாள். பிறகு கூப்பிட்டாள்: "இராசில்டா!"

நான் பக்கத்தில் போனதும் இராசில்டா என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நொண்டியபடியே தலையை நிமிர்த்தி நடந்தாள்.

டாக்டர் இளம்பெண். காலை அழுத்திப் பார்த்ததுமே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, "ரத்தம் கட்டியிருக்குன்னு நினைக்கிறேன். நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. ஊசி எத்தனை போட்டீங்க? யார் போட்டது?" என்றாள்.

"நான்தான்" என்றேன். போலீஸைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "இனிமே யாருக்கும் போடாதீங்க. அனுப்புங்க என்கிட்ட."

இராசில்டா கேட்டாள்: "ஊசிய நிறுத்தினா நான் மறுபடி ஆம்பளையா ஆயிருவேனா?"

"ஆகமாட்டீங்க. முதல்ல கட்டி கரையட்டும். அப்புறம் தோல்ல தடவுற மருந்து தர்றேன், அளவா. ஆனா சிகரெட்ட விடணும்."

"விட்டாச்சு" என்றாள். பையிலிருந்த பாக்கெட்டை எடுத்து டாக்டர் மேஜை மேலேயே வைத்தாள்.

மாதா ஊர்வலத்தை ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாள். பச்சை கவுனைப் போட்டுவிடச் சொல்லி என்னைப் படுத்திவிட்டாள். ஆறு மாதம் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, பிறகு தடவும் மருந்து. இப்போதும் ரொம்ப நேரம் நின்றால் கால் வீங்கும். அதனால் முக்காலியில் உட்கார்ந்து பொரிக்கிறாள்.

நான் ஊசியைத் தொடுவதில்லை. குப்பியோடு வருகிறவர்களை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். சிலர் வருவார்கள். சிலர் திட்டிவிட்டு வேறு கையைத் தேடிப் போவார்கள். நேற்று எங்கள் தெரு வால்டிரீன் அப்படித்தான் போனாள், "பெரிய டாக்டரம்மா ஆயிட்டா" என்று காறித் துப்பிவிட்டு.

இன்று காலை கடையை இராசில்டாவிடம் விட்டுவிட்டு வால்டிரீன் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. நாளைக்கும் போவேன்.