இப்ராம்சா கடை ரேடியோ காணாமல் போன வழக்கு

ஏட்டு நாச்சிமுத்துவுக்கு அரசாங்கத்தின் மீது ஒரே ஒரு மனக்குறைதான் உண்டு. அது அரைக்கால் சட்டை. கடல் மட்டத்திலிருந்து ஏழாயிரம் அடி உயரத்தில், ஐப்பசி மாதத்து மூடுபனியில், முழங்காலைத் திறந்து போட்டுக்கொண்டு சட்டம் ஒழுங்கைக் காக்க வேண்டும் என்று உத்தரவு போட்டவர் யாரோ தெரியாது. அவர் கொடைக்கானலுக்கு வந்ததில்லை என்பது மட்டும் தெரியும்.

மற்றபடி வேலை சுகமானது. இந்த ஊரில் பெரிய குற்றம் எதுவும் நடப்பதில்லை. சீசனுக்கு வரும் துரைசானியின் நாய் காணாமல் போகும், இரண்டு நாளில் கறிக்கடைப் பக்கம் கிடைக்கும். அட்டுவம்பட்டியில் யாராவது வேலியை இரண்டடி தள்ளி நட்டுவிட்டு, வேலி தானாக நகர்ந்தது என்பார்கள். நாச்சிமுத்து போய்ப் பார்ப்பார், நாலு கேள்வி கேட்பார், விஷயம் முடிந்துவிடும்.

1958ஆம் வருஷம் சுவாமிநாதன் சப்-இன்ஸ்பெக்டராக வந்தார். நிறையப் படித்தவர், சிக்கல் அதில்தான் ஆரம்பித்தது. வெளிநாடுகளில் போலீசார் ஞானதிருஷ்டிக்காரர்களை வைத்துத் துப்புத் துலக்குகிறார்கள் என்று ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில் படித்திருந்தார். வந்த மூன்றாம் மாதமே தமக்கென்று ஒரு ஞானதிருஷ்டிக்காரரைக் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்த இடம் பழனி பஸ் நிலையம்.

அவர் பெயர் ஞானவேல். பழனி அடிவாரத்தில் ஒரு பஞ்சாமிர்தக் கடையில் ஒன்பது வருஷம் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தவர். பத்தாவது வருஷம் ஒரு நாள் பழத்தை உரிக்கும்போதே உள்ளே என்ன இருக்கிறது என்று தமக்குத் தெரிந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வேலையை விட்டார். உள்ளே வாழைப்பழம்தானே இருக்கும் என்று அந்தக் கடையில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. குரங்குக் குல்லாயும் கம்பளிச் சால்வையுமாக மலையேறி வந்தவரை, போலீஸ் குடியிருப்பில் ஒரு அறை ஒதுக்கித் தங்கவைத்தார் சுவாமிநாதன். ஞானவேலுக்குப் பேன்ட் போட அனுமதி இருந்தது. நாச்சிமுத்துவுக்கு அதுவும் உறுத்தியது.

இப்படி இருக்கும்போதுதான் இப்ராம்சாவின் ரேடியோ காணாமல் போனது.

இப்ராம்சா பஜாரில் ஸ்வெட்டர், கம்பளிக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்புறமே வீடு. கடை நடுவில், மேஜை மேல், பூப்போட்ட உறை மாட்டிய பெரிய ரேடியோ. இலங்கை வானொலியில் நேயர் விருப்பம் என்று பாட்டுப் போடுவதற்கு முன்னால் பாட்டைக் கேட்டு எழுதியவர்களின் பெயர்களை வரிசையாக வாசிப்பார்கள் அல்லவா, அந்த வரிசையில் தம் பெயர் வர வேண்டும் என்பதே இப்ராம்சாவின் வாழ்க்கை லட்சியம். வாரம் ஒரு அஞ்சலட்டை எழுதினார். பெயர் வந்துவிட்டால் அன்றைக்கு வந்த வாடிக்கையாளருக்கு ஸ்வெட்டர் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கக்கூட அவருக்கு நேரம் இருக்காது.

வெள்ளிக்கிழமை மதியம் முன்பக்கக் கதவுப் பலகைகளைப் பாதி மட்டும் அடைத்துவிட்டு ஜும்மா தொழுகைக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால் மேஜை மொட்டையாக இருந்தது.

நாச்சிமுத்து முதலில் போய்ப் பார்த்தார். கடை வாசற்படியில் பேத்துப்பாறையிலிருந்து வந்து வெள்ளைப்பூண்டு விற்கும் பாப்பம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள யாரும் போனாங்களா?"

"ஒரு ஈ காக்கா போகலைங்க ஏட்டையா. வெள்ளனே இருந்து இங்கதான கெடக்கேன்."

கல்லாப் பக்கம் யாரும் கை வைக்கவில்லை. ரேடியோவோடு அதன் பூப்போட்ட உறையும் போயிருந்தது. கூரையிலிருந்து இறங்கும் ஏரியல் கம்பியையும் காணோம். திருடனாக இருந்தால் கம்பியை வெட்டிவிட்டு ஓடியிருப்பான். இங்கே ஆணியில் சுற்றியிருந்த முடிச்சைப் பொறுமையாகப் பிரித்து எடுத்திருந்தார்கள். ரேடியோவுக்குக் குளிருமே என்று உறையையும் எடுத்துப் போகிற திருடனை நாச்சிமுத்து தம் சர்வீசில் பார்த்ததில்லை.

இதை அவர் சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். சுவாமிநாதன் பரிவோடு கேட்டுக்கொண்டார்.

"முடிச்சு, கம்பி, உறை. இதெல்லாம் பழைய முறை நாச்சிமுத்து. நீங்க தரையைப் பாக்கிறீங்க. நம்ம ஞானவேல் சாமி ஆகாயத்தைப் பாக்கிறார்."

ஆகாயத்தில் அன்று மூடுபனியைத் தவிர எதுவும் இல்லை. இருந்தாலும் ஞானவேல் கடைக்கு வந்தார். வெற்று மேஜை மேல் கையை வைத்துக் கண்ணை மூடினார். உடம்பை ஒரு உலுக்கு உலுக்கினார்.

"பேர்ல ப வரிசை எழுத்து தெரியுது. தண்ணி தெரியுது. தெற்குத் திசை."

ஊரின் நடுவிலேயே ஏரி இருக்கிற இடத்தில் தண்ணீர் தெரியாமல் எப்படி இருக்கும் என்று நாச்சிமுத்து நினைத்துக்கொண்டார். சுவாமிநாதன் எழுதிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் ஸ்டேஷனில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏரியில் படகு விடும் பொன்னுவேல், எழுத்தும் தண்ணீரும் இரண்டுமே பொருந்தியதால். டீக்கடை சேக் பரீது, எழுத்து பெயரின் நடுவில் வந்தாலும் வருகிறதே என்பதால். பாப்பம்மாள், இரண்டு தரம் வருவதால்.

"போலீசுங்கிறதும் அந்த வரிசையிலதாங்கய்யா வருது" என்றார் நாச்சிமுத்து.

சுவாமிநாதன் அதை எழுதிக்கொள்ளவில்லை.

பரீதையும் பொன்னுவேலையும் மறுநாள் விட்டுவிட்டார்கள். பரீதை உள்ளே வைத்தால் ஸ்டேஷனுக்கு டீ வராது. படகு இல்லாவிட்டால் கலெக்டர் ஆபீஸிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் கேள்வி கேட்பார்கள். கேட்க ஆளில்லாத பாப்பம்மாளை மட்டும் தினமும் காலையில் வந்து ஸ்டேஷன் வராந்தாவில் பொழுது சாயும்வரை உட்காரச் சொன்னார்கள். அவள் பூண்டுக் கூடையோடு வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பொட்டிய நான் எங்கய்யா கொண்டுபோய் வைக்க? எங்க ஊர்ல கரண்டே கெடையாது" என்றாள்.

"அதான் தந்திரம்" என்றார் சுவாமிநாதன். "யாருக்கும் சந்தேகம் வராதில்ல."

மூன்றாம் நாள் நாச்சிமுத்து இப்ராம்சா வீட்டின் பின்பக்கமாகப் போனார். போகும்போதே கொல்லையில் துணி காயப்போடும் கொடி கண்ணில் பட்டது. கயிறாக இல்லை, செம்புக் கம்பியாக இருந்தது. அதில் ஒரு துணிகூட இல்லை. அதன் ஒரு நுனி அடுப்படி ஜன்னல் வழியாக உள்ளே போயிருந்தது. துணி காயப்போடுகிற கொடிக்கு அடுப்படியில் என்ன சோலி?

"ஏட்டையா வாங்க" என்று கதவுக்குப் பின்னாலிருந்து இப்ராம்சாவின் மனைவி மரியம் பீவியின் குரல் வந்தது. "அவுக கடையில இருக்காக."

"சும்மா விசாரிச்சிட்டுப் போகலாம்னுதான் தங்கச்சி. ரேடியோ இல்லாம பஜாரே செத்துக் கெடக்கு. இந்த வாரம் யார் யார் பேரு வந்துச்சோ, நமக்கு ஒண்ணும் தெரியல."

"என்னத்த வந்துச்சு? பெரியகுளத்து ஆளுக பேரா வாசிச்சுக்கிட்டுக் கெடந்தாக" என்று சலித்துக்கொண்டாள் மரியம் பீவி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்திருக்க வேண்டும். கதவு இன்னும் ஒரு விரற்கடை சாத்திக்கொண்டது.

நாச்சிமுத்து துவைகல்லின் மேல் உட்கார்ந்தார். முழங்கால் விறைத்துப்போயிருந்தது.

"அடுப்படியிலயா இருக்கு?"

"அடுப்படிய ஒட்டுன விறகு அறையில" என்றாள். "அவுக அந்தப் பக்கம் வந்ததே இல்ல."

"எதுக்கு தங்கச்சி?"

அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. "எட்டு மாசமா எழுதிப் போடுறாக ஏட்டையா. அவுக பேரு வருது. சேக் பரீது அண்ணன் பேரு வருது. கடைக் கணக்குப்பிள்ளை பேரு வருது. மவுத்தாப்போன அவுக மாமா பேருகூட வந்துச்சு, அவரு உசுரோட இருக்கையில பாட்டுன்னா காதப் பொத்திக்குவாரு. எம்பேரு ஒரு தடவ வரல. நானும் கொல்லையில நின்னு நின்னு கேக்கேன். ஒரு நா கேட்டேன். ஒம் பேர யாருக்குத் தெரியும்னு சொன்னாக."

நாச்சிமுத்து, தம் மனைவி சுந்தராம்பாளின் பெயரைத் தாம் கடைசியாக எப்போது கூப்பிட்டோம் என்று யோசித்துப் பார்த்தார். ரேஷன் கார்டு எழுதியபோது என்று நினைவு.

"பூண்டுக்காரி ஸ்டேஷன்ல ஒக்காந்திருக்கா, தெரியுமா?"

"அல்லாவே, அது எனக்குத் தெரியாதே. நான் வந்து சொல்லிர்றேன் ஏட்டையா."

"நீ வந்து சொல்லவேணாம். சொன்னாலும் அங்க நம்ப ஆளில்ல. நான் பாத்துக்கறேன்."

அது உண்மைதான். ஆதாரத்தோடு போனால் சுவாமிநாதன் நம்ப மாட்டார். நம்பித் தொலைத்தாலோ, கணவன் பொருளைத் திருடிய மனைவி என்று மரியம் பீவியை ஸ்டேஷனுக்கு அழைத்துவிடுவார். ஆகவே நாச்சிமுத்து நேராக ஞானவேலின் அறைக்குப் போனார். ஞானதிருஷ்டிக்காரர் கம்பளிக்குள் சுருண்டு, சூடான பட்டாணி தின்றுகொண்டிருந்தார்.

"வாங்க ஏட்டண்ணே. ஒரு துப்பும் கெடைக்கலியே. எஸ்.ஐ. ஐயா தினம் கேக்காரு."

"பாப்பம்மாளை எதுக்குய்யா இழுத்து விட்டீங்க?"

"ஏதாச்சும் ஒரு எழுத்துச் சொல்லணும்ல. ப சொன்னா எப்பவும் யாராச்சும் கெடைப்பாங்க." ஞானவேல் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு ஏதும் தெரிஞ்சா வெரசாச் சொல்லுங்கண்ணே. பாத்திருவோம்."

நாச்சிமுத்து சொல்லிக்கொடுத்தார். யார் எடுத்தது, எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. என்ன பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொன்னார். மூன்று தரம் சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்தார்.

மறுநாள் கடையில் கூட்டம். ஞானவேல் மேஜை மேல் கை வைத்தார், உலுக்கினார், கண்ணை மேலே சொருகிக்கொண்டார்.

"களவு போகல. பெட்டி மனத்தாங்கல்ல போயிருக்கு. எத்தனையோ பேரு அது வழியா வந்துச்சு. வரவேண்டிய பேரு வரல. தாயார் பேரு வரல. அது காத்துல வந்தா, பெட்டி தன்னால வந்திரும்."

இப்ராம்சா விழித்தார். "எங்கம்மா மவுத்தாகி இருபது வருஷம் ஆச்சுங்களே."

நாச்சிமுத்து பலமாக இருமினார்.

"தாயார்னா," என்றார் ஞானவேல், கண்ணைத் திறக்காமல், "உங்க பிள்ளைகளுக்குத் தாயார்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இப்ராம்சா சிரிக்கவில்லை. அங்கேயே ஒரு அஞ்சலட்டையை எடுத்து எழுத உட்கார்ந்தார். மனைவியின் பெயரை எழுதினார். அடுத்து அவளுக்குப் பிடித்த பாட்டை எழுத வேண்டும். பேனா நின்றது. பரீதைப் பார்த்தார், கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். அவர்களுக்கு எப்படித் தெரியும்? எழுந்து பின்கதவு வழியாக வீட்டுக்குள் போனார். வெகுநேரம் வரவில்லை. உள்ளே அவர் ஏதோ கேட்பதும், மறுபடி கேட்பதும் நாச்சிமுத்துவின் காதில் விழுந்தன. கடைசியில் ஒரு பெண் குரல், பாட்டின் முதல் அடியை, ராகத்தோடு அல்ல, மளிகைச் சாமான் சொல்வது போலச் சொன்னது.

பாப்பம்மாளை அன்றே அனுப்பிவிட்டார்கள். திருஷ்டி மாறிவிட்டதால் குற்றவாளியும் மாறவேண்டும் என்பது சுவாமிநாதனின் நியாயம். "நாலு நாளு ஏவாரம் போச்சு. அதையும் அந்தக் குல்லாக்காரரு கண்ண மூடிப் பாத்துச் சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மூன்று வாரம் கழித்து, பரீது எங்கிருந்தோ இரவல் வாங்கி டீக்கடையில் வைத்த ரேடியோவைச் சுற்றிப் பஜாரே நின்றிருந்தது. இலங்கையிலிருந்து பெயர்கள் வரிசையாக வந்தன. தேனி, போடி, திண்டுக்கல். பிறகு, "கொடைக்கானலிலிருந்து மரியம் பீவி, இப்ராம்சா." மனைவி பெயரை முன்னால் எழுதியிருந்தார் மனிதர். சுவாமிநாதன் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். இப்ராம்சா பாட்டு முடியும்வரை டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

மறுநாள் காலை ரேடியோ மேஜை மேல் இருந்தது. தூசு துடைத்து, உறையைத் துவைத்து மாட்டியிருந்தது. இப்ராம்சா அந்த உறையைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் லேசாக ஈரம். பின்கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். சப்-இன்ஸ்பெக்டர் கேட்டபோது, "சாமி சொன்ன மாதிரி தன்னால வந்திருச்சுங்க" என்று மட்டும் சொன்னார்.

சுவாமிநாதன் மேலதிகாரிகளுக்கு ஆறு பக்கம் அறிக்கை எழுதினார். அதில் ஞானவேலின் பெயர் முப்பது இடத்தில் வந்தது. நாச்சிமுத்துவின் பெயர் ஒரே இடத்தில் வந்தது. புலன்விசாரணையின் முக்கியமான கட்டத்தில் இருமியதற்கு விளக்கம் கேட்டு அவருக்கு ஒரு மெமோவும் வந்தது. குளிர் என்று எழுதிக் கொடுத்தார்.

குளிர் தாங்கவில்லை என்று பழனிக்குத் திரும்பிய ஞானவேலை வத்தலக்குண்டு வரை பத்திரமாகக் கொண்டுபோய் விடும்படி நாச்சிமுத்துவுக்கே உத்தரவு. பஸ் வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தது. ஞானவேல் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

"அண்ணே, நெசமாச் சொல்லுங்க. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

நாச்சிமுத்து சொன்னார். முடிச்சு, உறை, செம்புக் கம்பி, பெரியகுளத்து ஆட்களின் பெயர். ஞானவேல் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

ஞானவேலின் முகம் விழுந்துவிட்டது. "எனக்கு மனசு கேக்கலண்ணே. உங்களுக்கு உள்ளுக்குள்ள ஏதோ சக்தி இருக்குன்னுல்ல நெனச்சிருந்தேன்" என்றார். பிறகு எலுமிச்சம்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு, நாச்சிமுத்துவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். வத்தலக்குண்டு வரும்வரை நாச்சிமுத்து அசையாமல் உட்கார்ந்திருந்தார். கீழே இறங்க இறங்க வெயில் வந்தது, முழங்காலுக்கு இதமாக இருந்தது.