வாய் தவறி வாங்கிய லேப்டாப்

நஸீஹ் எட்டு மாதமாக லேப்டாப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்ததுதான் மிச்சம், வாங்கினபாடில்லை. பெய்ரூத்தில் அவன் ஏறி இறங்காத கடை கிடையாது. கடைக்காரர் விலையைச் சொல்லுமுன்னே பொருளைக் குப்புறக் கவிழ்த்து, அடியில் திருகாணி இருக்கிறதா, பசை போட்டு ஒட்டித் தொலைத்திருக்கிறார்களா என்று தேடுவான். பேட்டரியை நாமே கழற்றி மாற்றலாமா? உடைந்தால் விசைப்பலகை தனியாகக் கிடைக்குமா? விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஓடுமா? இந்தக் கடைசிக் கேள்வி வந்ததும் கடைக்காரர்களுக்கு எங்கிருந்தோ போன் வந்துவிடும். ஏனென்றால் லினக்ஸ் பற்றிப் பேச ஆரம்பித்தால் நஸீஹ் நிறுத்த மாட்டான். சொந்தக்காரர் கல்யாணங்களில் அவன் பக்கத்து நாற்காலி எப்போதும் காலியாகவே இருக்கும்.

"என்னை ஒரே சாயங்காலத்துல பாத்து முடிச்சே. இதுக்கு மட்டும் எட்டு மாசமா?" என்றாள் மனைவி ரபாப்.

"உன்னைப் பின்னாடி கழட்டி ரிப்பேர் பண்ணணும்னு அப்ப எனக்குத் தோணலையே!"

அன்று அவனே முட்டை பொரித்துத் தின்றான்.

ஆனால் விஷயம் விளையாட்டில்லை. துருக்கித் தொடர்களுக்கு அரபியில் வசனம் எழுதுவது அவன் பிழைப்பு. அரசாங்கக் கரண்ட் வந்தால் அதிசயம். மாசக் காசு கட்டிக் கரண்ட் வாங்கும் தெரு ஜெனரேட்டரும் நினைத்தபோது படுத்துக்கொள்ளும். அவனுடைய பழைய லேப்டாப்போ, கரண்ட் போனால் ஒரு காபி கொதிக்கிற நேரம்கூடத் தாங்காது. இரண்டு தடவை வேலை நடுவில் உயிரை விட்டது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்குறோம்" என்று கம்பெனி அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள். தொடரின் கடைசிப் பகுதி திங்கட்கிழமை காலை போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

ஞாயிறு மதியம் மாமியார் வீட்டில் விருந்து. ரபாபின் அண்ணன் ஃபவ்வாஸ் மடியில் ஒரு தடித்த கறுப்பு லேப்டாப்பை வைத்துச் சீட்டாடிக்கொண்டிருந்தார். அந்தத் தெருவின் ஜெனரேட்டரே அவருடையதுதான்.

"எப்ப சார்ஜ் போட்டீங்க மச்சான்?"

"காலையில. ராத்திரி வரைக்கும் வரும். உள்ள ஒரு பேட்டரி, பின்னாடி ஒண்ணு."

நஸீஹ் வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தான். திருகாணி! அத்தனையும் திருகாணி! கரண்ட் விற்கிற மனுஷனுக்கு எதற்கய்யா இவ்வளவு பேட்டரி என்று அவன் வயிறு எரிந்தது.

"என்ன அருமையான லேப்டாப் மச்சான் இது!"

"உனக்குத்தான், எடுத்துக்கோ" என்றார் ஃபவ்வாஸ், கண்ணைக்கூட உயர்த்தாமல்.

அது அந்த ஊர் வாய்மரியாதை. சட்டையைப் புகழ்ந்தால் சட்டை, காரைப் புகழ்ந்தால் கார், எல்லாமே 'உனக்குத்தான்'. புகழ்ந்தவர் 'உடையவங்க கையில இருந்தாத்தான் அழகு' என்று சொல்லிவிட்டுக் கபாப்பைக் கவனிக்க வேண்டும். பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரிந்த முறை. நம்மாளோ திருகாணி எண்ணும் மயக்கத்தில் இருந்தான்.

"ரொம்ப நன்றி மச்சான்" என்றான்.

மாமியார் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. ரபாப் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள்.

"ஐயையோ, தெரியாம வாய்ல வந்துடுச்சு மச்சான்!"

"சொன்னது சொன்னதுதான். ஃபவ்வாஸ் கொடுத்ததைத் திரும்ப வாங்கினான்னு தெருவே சிரிக்கணுமா? எடுத்துட்டுப் போடா!" வாய்தான் சிரித்தது. கண் லேப்டாப்பை விட்டு நகரவில்லை.

நஸீஹ் மறுத்தான், மன்றாடினான். உள்ளதைச் சொன்னால், ஒரு கையால் தள்ளி மறுகையால் பிடித்துக்கொண்டுதான் மன்றாடினான்.

வீட்டுக்குப் போனதும் மச்சானின் படங்களைப் பத்திரமாகத் தனியே எடுத்துவைத்துவிட்டு, லினக்ஸைப் போட்டு வேலையில் உட்கார்ந்தான். தெருவே இருண்டது. லேப்டாப் அசரவில்லை. பாதி வசனம் முடிந்தபோது கதவு தட்டப்பட்டது. ஃபவ்வாஸ்!

"சும்மா, ஒரு காபி குடிச்சிட்டுப் போலாம்னு."

ஒரு வாய் குடித்தார். தொண்டையைச் செருமினார்.

"அடடா, என்ன அருமையான லேப்டாப் மச்சான் இது!"

ரபாப் தட்டை வைத்துவிட்டு நஸீஹைப் பார்த்தாள். வேலை போச்சு, பிழைப்பு போச்சு. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

"உங்களுக்குத்தான்... எடுத்துக்குங்க" என்றான், அழாத குறையாக.

ஃபவ்வாஸ் ஆசையாக மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "ரொம்ப..." என்று ஆரம்பித்தவர் திரையைப் பார்த்து நிறுத்தினார். "ஆமா, என் சீட்டாட்டம் எங்கடா?"

"அது இதுல ஓடாது மச்சான். இது லினக்ஸ்."

"அப்படின்னா?"

நஸீஹின் முகம் மலர்ந்தது. பிறந்ததிலிருந்து அவனிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. துக்கம், பிழைப்பு எல்லாம் மறந்து நாற்காலியை நெருக்கிப் போட்டான். கட்டளைத் திரையைத் திறந்தான். கறுப்பில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடின. லினக்ஸில் எத்தனை வகை, எது யாருக்கு ஒத்துவரும், எந்த வகைக்காரர் எந்த வகைக்காரரோடு ஏன் சண்டை என்று சொல்லிக்கொண்டே போனான். ஃபவ்வாஸின் காபி ஆறிவிட்டது.

"சீட்டாட்டமும் போட்டுக்கலாம் மச்சான். அதுக்கு முதல்ல இங்க நாலு வரி அடிக்கணும். அதுக்கு முன்னாடி அனுமதின்னா என்னன்னு..."

ஃபவ்வாஸ் லேப்டாப்பைச் சுடுசட்டி மாதிரி மேசையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"உடையவங்க கையில இருந்தாத்தான்டா அழகு!" என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினார்.

"இருங்க மச்சான், இன்னும் அப்டேட் பத்திச் சொல்லவே இல்லையே!" என்று நஸீஹ் வருத்தத்தோடு பின்னால் ஓடினான். ரபாப் பாய்ந்து வந்து அவன் வாயைப் பொத்தினாள்.