கழுவாத சாக்கு

1

இந்தக் கதை ஓர் அரிசிச் சாக்கிலிருந்து வந்தது. பன்றிக்குட்டி கழிந்த சாக்கு. வேறு எங்கிருந்தாவது வந்ததென்று எழுதத்தான் ஆசை.

அன்று காலை தென்னைகளுக்கு மேலே சூரியன்...

[அடித்துவிட்டேன். அன்று நான் சூரியனையா பார்த்தேன்? குட்டிகளின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.]

2

பன்னிரண்டு குட்டிகள், பிறந்து நாலு நாள். மஞ்சளாய், தண்ணீராய்க் கழிந்தன. மூன்று செத்தன. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பன்றிக்காய்ச்சல் வந்து, நோயில்லாததையும் சேர்த்துக் கொன்று புதைத்திருந்தார்கள். இதுவும் அதுவானால் எங்கள் ஊரில் ஒரு பன்றி மிஞ்சாது.

கால்நடை டாக்டர் வருகிறார் என்றார்கள். வீட்டுக்கு ஆள் வரும்போது அழுக்கைக் காட்டுவதா? கொட்டிலைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன்.

3

"மனோங் தெர்யோ, கழிச்சல் எங்க?" டாக்டர் மரியாதையாகத்தான் தொடங்கினார்; எங்கள் பேச்சில் மனோங் என்றால் அண்ணன், மனாங் என்றால் அக்கா.

"கழுவிட்டேன் டாக்."

"செத்தது?"

"சுண்ணாம்பு போட்டுப் புதைச்சாச்சு."

"மிச்சத்துக்கு மருந்து?"

"நேத்தே ஊட்டிட்டேன்."

"மருந்து போன வயித்துல கிருமிய எப்படிப் பிடிக்கிறது? நான் என்ன ஞானஸ்நான விருந்துக்கா வந்தேன்?"

4

[இங்கே என் மனைவி லூர்திங்கைப் புத்திசாலியாக எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "பொய் எழுதாத. பாவமா இருந்துச்சு, ஒளிச்சேன். அவ்வளவுதான்" என்றாள்.]

அடுப்படியிலிருந்து சாக்கோடு வந்தாள். உள்ளே எல்லாவற்றிலும் சின்னக் குட்டி. நான் சாகுமென்று ஒதுக்கியது. மருந்து படாதது. சாக்கும் கழுவாதது.

டாக்டர் சிவப்பு லிட்மஸ் காகிதத் துண்டை அந்த ஈரத்தில் ஒற்றினார். நீலமானது.

"நீலம்னா காரம். குடல்ல பாக்டீரியா மாதிரிதான் இருக்கு. தாய்க்கும் காய்ச்சல் இல்ல, நல்லா திங்குது. ஆனா காகிதத்த நம்பிச் சத்தியம் பண்ண மாட்டேன். இந்தக் குட்டியக் குடுங்க மனாங், அறுத்துக் குடலப் பாத்தா நிச்சயமாயிடும்."

"பஞ்சுல தொட்டு எடுத்துக்கோங்க டாக். சாக்கையும் எடுத்துக்கோங்க. குட்டியத் தர மாட்டேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். பஞ்சில் எடுத்தார், தாயிடமும் குட்டியிடமும் ரத்தம் எடுத்தார்.

5

ஐந்தாம் நாள் இலோயிலோ நகரத்து ஆய்வுக்கூடத்திலிருந்து செய்தி: பன்றிக்காய்ச்சல் இல்லை. குடல் பாக்டீரியாதான், எந்த மருந்துக்குச் சாகும் என்றும் எழுதியிருந்தது.* அப்படியே கொட்டில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஈரம் என்றுகூடத் தோன்றவில்லை.

* ஐம்பத்திரண்டு வயதில் எழுத்துக் கற்றவன். மூன்று முறை படித்தேன். பிறகு, எதற்கும் இருக்கட்டுமென்று, லூர்திங்கைப் படிக்கச் சொன்னேன்.

6

சாக்குக் குட்டி பிழைத்தது. இப்போது தொட்டியை முட்டிக் கவிழ்க்கிறது. மே மாதத் திருவிழாவுக்கு முழுசாய்ச் சுட என் மச்சான் அதைத்தான் கேட்கிறான்.

முடிவு ஒன்று: கொடுத்துவிட்டேன்.

முடிவு இரண்டு: அவள் மறுபடியும்...

[நிறுத்துகிறேன். என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள். கையில் காலிச் சாக்கு. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.]