குளிர் அறைக்குள் என் நாத்தனார்

எனக்கும் என் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் அவளை இந்த நாட்டுக்கு வரவழைத்து, மீனைப் பெட்டியில் கட்டி அனுப்பும் எங்கள் கம்பெனியில் சேர்த்துவிட்டவள் நான்தான். எனக்குக் காகிதங்கள் உண்டு. அவளுக்கு விசா முடிந்து இரண்டு வருடமாகிறது. அவளையும் சேர்த்து அப்படி எங்கள் கூடத்தில் ஆறு பேர். முதலாளி அவர்களிடம் பதினாலு மணி நேரம் வேலை வாங்குவார். யாராவது வாயைத் திறந்தால், "போலீஸைக் கூப்பிடட்டுமா?" என்பார்.

தொழிலாளர் துறையிலிருந்து சோதனைக்கு ஆள் வந்தால் வாசலில் மணி இரண்டு தடவை அடிக்கும். ஆறு பேரும் குளிர் அறைக்குள் ஓட வேண்டும். வெளித் தாழ்ப்பாளைப் போடுவது என் வேலை. "நீதாம்மா நம்பிக்கையான ஆளு" என்று முதலாளி சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வெட்கக்கேடு.

அன்று காலை மணி அடிப்பதற்குள் அதிகாரி அம்மா படியேறிவிட்டார். குளிருக்குப் போடும் கோட்டுகளை எடுக்க நேரமில்லை. மெல்லிய சட்டையோடு ஆறு பேரும் உள்ளே போனார்கள். நான் தாழ்ப்பாள் போட்டேன்.

வழக்கமாகப் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இந்த அம்மாவோ லேசில் கிளம்புகிற ஆளாகத் தெரியவில்லை. கொக்கியில் தொங்கிய கோட்டுகளை எண்ணினார்.

"ஆறு கோட்டு சும்மா தொங்குதே, ஆளுங்க எங்கே?"

முதலாளி என்னைப் பார்த்தார். "லீவும்மா" என்றேன்.

என் முதுகுக்குப் பின்னால் கதவைத் தட்டும் சத்தம். தடித்த கதவு, ஒட்டி நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது. திறந்தால் அவளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அவளுக்காகத்தான் பயப்படுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. மீதி, என் வேலை போய்விடுமே என்ற பயம்.

அரை மணி தாண்டியது. தட்டும் சத்தம் நின்றது.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தேன்.

ஆறு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு மூலையில் கிடந்தார்கள். என் நாத்தனாரின் உதடு நீலம் பாரித்திருந்தது. முதலாளி முந்திக்கொண்டார். "மேடம், இவங்க யாருக்கும் காகிதம் கிடையாது. நீங்களே விசாரிங்க."

"காகிதம் பாக்கறது என் வேலை இல்லை." அந்த அம்மா கோட்டுகளை அள்ளி வந்து போர்த்தினார். "முதல்ல ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. வெளியே தாழ்ப்பாள் போட்டது யாரு?"

இவரைக் கண்டா இத்தனை நாள் ஓடி ஒளிந்தோம்? பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று முதலாளி சொன்னார், நம்பினோம். விசாரித்துப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை, காகிதம் வைத்திருந்த எனக்குக்கூட.

"நான்தான் மேடம். ஒவ்வொரு தடவையும் நான்தான். முதலாளி சொல்லித்தான் போட்டேன்."

முதலாளி முறைத்தார். அந்த அம்மா எழுதிக்கொண்டார்.

நான் நாத்தனாரின் கைகளைப் பிடித்துப் பரபரவென்று தேய்த்தேன். அவளுக்குப் பற்கள் தந்தியடித்தன.

"நான் தட்டினது உங்களுக்குக் கேட்டுச்சா, அண்ணி?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளும் நம்பியிருப்பாள்.

"கேட்டுச்சு" என்றேன்.

அவள் கைகளை உருவிக்கொண்டாள்.